மூச்சுப் பொட்டலம்

மயிலாப்பூர் மாங்கொல்லையில் இராஜரத்தினம் பேசினால் ஒலிபெருக்கி பழுதானாலும் கூட்டம் கலையாது என்று விழிப்பு மன்றத்துத் தோழர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் பொய் இல்லை. பகலெல்லாம் தியாகராய நகரில் ஓர் அச்சகத்தின் மூலையில் உட்கார்ந்து, பிறர் எழுத்தில் பிழை பார்த்துப் பிழைக்கும் அந்த மனிதருக்கு, மாலையில் மேடையேறியதும் வேறொரு குரல் வந்துவிடும்.

அவருடைய பேச்சில் ஒரு பகைவன் தவறாமல் வருவான். அவனுக்குச் சாதி கிடையாது, கட்சி கிடையாது. 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பது அவன் பெயர்.

"கொஞ்சம் கொஞ்சமாகத் தீண்டாமை தேயும் என்றார்கள், தேய்ந்ததா? கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணுக்கு உரிமை வரும் என்றார்கள், வந்ததா? எரிகிற கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாகவா அணைப்பாய் தோழனே? கழுத்தை நெரிக்கும் கையைப் படிப்படியாகவா விலக்குவாய்?"

கைதட்டல் ஓய்வதற்குள் ஒரு தகர டின்னை மேடையின் முன்விளிம்பில் வைக்கச் சொல்வார். கூட்டத்தில் இருப்பவர்கள் வரிசையாக வந்து, எதைக் கைவிடுகிறார்களோ அதை அந்த டின்னில் போட்டுவிட்டுப் போக வேண்டும். தாயத்து, ராசிக்கல் மோதிரம், சாதகக் கட்டு, ஒரு முறை பீடிக் கட்டு. அதற்கு 'உதறல்' என்று பெயர் வைத்திருந்தார். "சடங்கு வாணாம் சடங்கு வாணாம்னுட்டு நீயே ஒரு சடங்கு வச்சிக்கினியே நைனா" என்று அடையாற்றங்கரைக் குடியிருப்பில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரனான சேட்டு கேலி செய்வான். சேட்டு மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதித்து ஓட்டுகிறவன். அவனுடைய கேலிக்கு இராஜரத்தினம் பதில் சொல்வதில்லை. மனிதர்கள் கண்ணெதிரே ஒன்றை உதறினால்தான் மனத்திலிருந்தும் உதறுவார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில் அந்த டின்னுக்குள் விழுந்தவை பொட்டலங்கள்.

வடபழனியில் ஒருவன் மூலிகைப் பொடி என்று சொல்லி விற்றுவந்த பொட்டலங்கள் அவை. மூச்சிரைப்பு, மூட்டுவலி, முதுகுப் பிடிப்பு, எல்லாவற்றுக்கும் அதே பழுப்புப் பொடிதான். ஆற்றங்கரைக் குடியிருப்பில் பாதி வீடுகளில் அது இருந்தது. இராஜரத்தினத்தின் வீட்டிலும் இருந்தது. அவருடைய மனைவி தேவானை மந்தைவெளியில் ஒரு மாவு மில்லில் வேலை பார்த்தவள். ஆண்டுக்கணக்காக மாவுத் தூசியை விழுங்கிய நெஞ்சு, பனிக்காலம் வந்தால் விசில் அடிக்கும். பொட்டலத்தைத் தேனில் குழைத்து நக்கினால் ஒரு மணி நேரத்தில் விசில் நிற்கும். முகம் மட்டும் கொஞ்சம் உப்பிக்கொண்டே வந்தது. "நல்லா கீறன்னு சொல்றாங்கயா எல்லாரும். கன்னம் வச்சிட்ச்சாம்" என்று அவள் சிரிப்பாள்.

இராஜரத்தினத்துக்குச் சந்தேகம் வந்தது. பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் குடியிருந்த டாக்டர் மஹதியிடம் போனார். அரசு மருத்துவமனையில் கல்லீரல் பிரிவில் இருந்த அம்மையார் அவர். இவர் மேடையிலிருந்து ஏசிய அக்கிரகாரத் தெருவில்தான் அவருடைய வீடு. ஆனாலும் கதவைத் திறந்து உட்காரச் சொல்லி, காப்பியும் கொடுத்து, பொடியைச் சோதனைக்கு அனுப்பி வைத்தார். ஒரு வாரம் கழித்து முடிவைச் சொன்னார்.

"மூலிகையெல்லாம் பேருக்குத்தான். உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்கான். யார் சாப்பிடறா இதை?"

"குடிசைப் பகுதி மக்கள்."

"எல்லாரையும் எங்கிட்ட அனுப்புங்கோ. தானா நிறுத்திடக் கூடாது. ரத்தம் பார்த்துட்டு, அளவைப் படிப்படியாக் குறைச்சுண்டே வரணும்."

படிப்படியாக. அந்தச் சொல்லை அந்தத் தெருவிலிருந்தா கேட்க வேண்டும் என்று இராஜரத்தினத்துக்குத் தோன்றியது. கோயில் நுழைவுக்கும் இதே சொல், இட ஒதுக்கீட்டுக்கும் இதே சொல். நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். தம் வீட்டு அடுக்களையிலும் அந்தப் பொட்டலம் இருப்பதை அவர் சொல்லவில்லை. மூடநம்பிக்கையை முச்சந்தியில் கிழிப்பவனின் வீட்டிலேயே மோசடிப் பொடி என்றால் மானம் போகாதா?

அன்றிரவே தேவானையிடம் சொன்னார்.

"மாங்கொல்லையில் வெள்ளிக்கிழமை கூட்டம். இந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முதல் ஆளாக நீ வந்து டின்னில் போட வேண்டும்."

"வூட்ல மைக்கு இல்ல, மெதுவா பேசு" என்றாள் தேவானை. சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். "போடறேன். ஆனா ஒரே நாள்ல எப்டிய்யா உடறது? ரெண்டு வருசமா துண்ணுக்கினு கீறேன். ஒரு நாள் உட்டாலே கை கால்லாம் வெலவெலன்னு வருது. கொஞ்சங் கொஞ்சமா உட்டுடறேனே."

"கொஞ்சம் கொஞ்சமாகவா?"

அவள் அவரைப் பார்த்தாள். மேடையின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்குக் கிடைத்த கைதட்டலை எத்தனையோ முறை கேட்டவள் அவள். கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் பேசியதைப் போல முன்னெப்போதும் பேசியதில்லை என்றார்கள். நஞ்சைத் தேனில் குழைத்துத் தரும் நயவஞ்சகம் என்றார். நாளை என்பவன் நாளையும் நக்குவான் என்றார். டின் வைக்கப்பட்டது. தேவானை பாயிலிருந்து எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாரம் முழுவதற்குமாக வாங்கி வைத்திருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். போட்டுவிட்டு, மேடையில் நின்ற கணவனை அண்ணாந்து பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கியது. அவளுக்குப் பின்னால் சேட்டு வந்தான், தையற்காரி நஸ்ருன்னிசா முழங்காலைப் பிடித்தபடி வந்தாள், குடியிருப்பே திரண்டு வந்தது. டின் நிரம்பி வழிந்தது.

முதல் வாரம் தேவானைக்கு மூச்சு திணறியது. அதற்கு மில்லுக்குப் பக்கத்திலிருந்த மருந்துக்கடையில் இன்ஹேலர் என்னும் உறிஞ்சும் மருந்து வாங்கித் தந்தார். பிறகு மூச்சு சீரானது. அசதி மட்டும் போகவில்லை. மில்லிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்தாள். "உள்ளே ஏறிய நஞ்சு இறங்குகிறது, அதுதான் தளர்ச்சி" என்று அவர் விளக்கினார். விளக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த கூட்டத்தில் அதையே ஓர் உவமையாகவும் ஆக்கினார். சோறு பிடிக்கவில்லை என்றாள். சூடு என்று சொல்லி மோர் கொடுத்தார். மாதம் ஒன்று கடந்து சில நாள்கள் ஆகியிருக்கும். காலை வெயிலில் அவள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றபோது, அவளுடைய கண்ணின் வெண்மை மஞ்சளாக இருப்பதை அவரே பார்த்தார்.

மருத்துவமனையில் ஏட்டைப் புரட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்த டாக்டர் மஹதி, கட்டிலின் அருகில் நின்றவரைக் கண்டதும் நடையை நிறுத்தினார். தேவானையைப் பரிசோதித்து முடித்தார். பிறகு வராந்தாவுக்கு வரும்படி கையசைத்தார்.

"அந்தப் பொட்டலமா?"

"ஆமாம்."

"எப்போ நிறுத்தினாங்க?"

சொன்னார். எங்கே, எப்படி என்பதையும் சொன்னார். மறைப்பதற்கு இனி எதுவும் இல்லை.

"அன்னிக்கு யார் சாப்பிடறான்னு கேட்டேன். குடிசைப் பகுதி மக்கள்னேள். உங்காத்துலன்னு சொல்லலையே."

இராஜரத்தினம் சுவரைப் பார்த்தார். சுவரில் எச்சில் துப்பாதீர் என்று எழுதியிருந்தது. துப்பியிருந்தார்கள்.

டாக்டருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இராஜரத்தினத்துக்கு எளிதாக இருந்திருக்கும். பொறுமையாகச் சொன்னார். தேவானையின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸ் இருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். தேவானையின் தாய் மஞ்சள் காமாலையில் இறந்தவள் என்பது இராஜரத்தினத்துக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"இத்தனை வருஷமா ஈரல்ல குடியிருந்திருக்கு. அது ஈரலைத் தின்னாது. ஒரு செல்லுக்குள்ளே உக்காந்துண்டு தன்னை மாதிரியே இன்னொண்ணு பண்ணிண்டு இருக்கும், அவ்வளவுதான்."

"அப்படியானால் ஈரலை அழிப்பது எது?"

"அவங்க ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள். நம்மைக் காவல் காக்கறதுகள். வைரஸ் எந்தச் செல்லுக்குள்ளே இருக்குன்னு மோப்பம் பிடிச்சு, அந்தச் செல்லையே கொன்னுடும். உள்ளே இருக்கறவனை மட்டும் வெளியே இழுக்க எல்லா நேரமும் முடியாது அதுக்கு. அவனைப் பிடிக்க வீட்டையே இடிக்கும்."

"முப்பத்தைந்து ஆண்டுகளாக ஏன் இடிக்கவில்லை?"

"குழந்தையிலேர்ந்து கூடவே வளர்ந்தது இல்லையா, காவலுக்கு அது அந்நியம்னே படலை. அங்கே இங்கே சின்னச் சின்னச் சண்டை நடந்திருக்கலாம். மத்தபடி ஒரு மாதிரி சமாதானம். அப்புறம் இந்த ஸ்டீராய்டு வந்தது. அது காவலோட கையைக் கட்டிப் போட்டுடும். மூச்சிரைப்பு நின்னது அதனாலதான். கட்டிப் போட்ட நேரத்துல வைரஸ் கன்னாபின்னான்னு பெருகிடுத்து. அந்தக் கட்டை ஒரே நாள்ல அவுத்துவிட்டா…"

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. கட்டவிழ்ந்த கூட்டம் எப்படிப் பாயும் என்பது இராஜரத்தினத்துக்குத் தெரியும். அவருடைய வாழ்நாள் வேலையே அதுதான்.

"அவை தம் கடமையைத்தானே செய்தன?" என்று மெல்லக் கேட்டார். யாருக்காக வாதாடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"கடமையைத்தான் செய்யறது. எங்கே நிறுத்தணும்னு தெரியலை."

"படிப்படியாகக் குறைத்திருந்தால்?"

டாக்டர் ஏட்டை மூடினார். "இது வந்திருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்கு மெதுவாக் குறைச்சாலும் வரும். ஆனா முதல்லயே ரத்தம் பார்த்திருப்பேன். தெரிஞ்சுண்டு இறங்கியிருப்போம். இப்போ இதை அடக்க என் கைல மருந்து இல்லை. மிச்சம் இருக்கற ஈரல் தாக்குப் பிடிக்கறதான்னு பார்க்கணும்."

மாலையில் பார்வையாளர் நேரம். தேவானை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமும் கழுத்தும் உள்ளங்கையும் மஞ்சள். வயிறு மட்டும் வீங்கியிருந்தது. டாக்டரம்மா அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"இன்னாயா, மூஞ்சி இப்டி வச்சிக்கினு கீற? நான்தான் மஞ்ச பூசிக்கினு கீறேன், நீ இன்னாத்துக்கு வெளுத்துப் போன?"

அவர் சிரிக்க முயன்றார்.

"யோவ், ஒரு வேல செய்யி. நம்ம ஆளுங்க அத்தினி பேரும் அன்னிக்கு டின்னுல போட்டாங்கோ இல்ல? என்னப் பாத்துதான் போட்டாங்கோ. நஸ்ருன்னிசாக்கா எனக்கு முன்னாடிலர்ந்து துண்ணுது. அதுங்களுக்கும் இந்தப் பூச்சி உள்ள இருந்தா? போய்ச் சொல்லு. டாக்டரம்மாகிட்ட ரத்தம் காட்டச் சொல்லு."

"சொல்கிறேன்."

"இன்னிக்கே போ."

அவர் அன்று போகவில்லை. அச்சகத்துக்குப் போனார். சொல்வதானால் முறையாகச் சொல்ல வேண்டும், ஒரு துண்டறிக்கையாகக் கொண்டு வர வேண்டும் என்று நினைத்தார். வாய்வார்த்தையை வடபழனிக்காரன் திரித்துவிடுவான்: 'பார்த்தீர்களா, பொடியை நிறுத்தினால் சாவு, அவர்களே சொல்லிவிட்டார்கள்' என்பான். ஆகவே ஒரு சொல்லிலும் பிடி கொடுக்கக் கூடாது. அச்சுக்கோப்பவர் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து எழுதினார். 'நிறுத்துங்கள்' என்று தொடங்கி எழுத அவருக்குத் தெரியும். 'நிறுத்தாதீர்கள்' என்று தொடங்கும் அறிக்கையை அவர் எழுதியதே இல்லை. 'உடனே நிறுத்தாமல், மருத்துவரின் துணையோடு, படிப்படியாக' என்று எழுதிப் பார்த்தார். வாக்கியம் நொண்டியது. கைதட்ட அதில் இடமே இல்லை. கிழித்துப் போட்டார்.

மறுநாள் மாலை தேவானை கேட்டாள்: "சொன்னியா?"

"சொல்லியாயிற்று."

அந்தப் பொய் அவர் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. மேடையில் நின்று, பொய்யனை நடுத்தெருவில் நிறுத்துவேன் என்று முழங்கிய அதே வாய்.

"இன்னா சொன்னாங்கோ?"

"கேட்டுக்கொண்டார்கள்."

அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். பிறகு, "நஸ்ருன்னிசாக்கா ஒண்ணும் பேசாம கேட்டுக்கிச்சா? அது அப்டி கேக்கற ஆளே கெடையாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவளுக்குப் பேச்சு குழறியது. பகலெல்லாம் தூங்கினாள். கையை நீட்டச் சொன்னால் விரல்கள் பறவையின் சிறகைப் போல அடித்துக்கொண்டன. இடையில் ஒரு முறை விழித்து, அவரைச் சேட்டு என்று அழைத்தாள். "சேட்டு, நீ அத்த உட்டியா? உடாத நைனா, மெதுவா உடு" என்றாள். கண்களில் நீர் வழிந்தது. தன் உடம்பே தனக்கு நினைவில்லாத நிலையிலும் அவளைத் தின்றுகொண்டிருந்தது அந்த ஒரே கவலை. இராஜரத்தினம் எழுந்தார். துண்டறிக்கை எதுவும் இல்லாமல், அரைகுறை வாக்கியம் கூட இல்லாமல், பேருந்து பிடித்து ஆற்றங்கரைக்குப் போனார்.

குழாயடியில் சேட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நஸ்ருன்னிசா வாசலில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். இவர் வந்த வேகத்தைப் பார்த்து இருவரும் எழுந்தார்கள். தேவானை போய்விட்டாள் என்றே நினைத்தார்கள்.

"இல்லை. உயிர் இருக்கிறது" என்றார். மூச்சு வாங்கியது. "நான் சொன்னது தப்பு. பொடி மோசடிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே நாளில் நிறுத்தியிருக்கக் கூடாது. தேவானைக்கு அதனால்தான் இப்படி ஆயிற்று. நீங்கள் நிறுத்தி மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. எல்லோரும் உடனே வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்."

சேட்டுவும் நஸ்ருன்னிசாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு நிறுத்தினா?" என்றான் சேட்டு.

"டின்னில் போட்டீர்களே."

"காயிதத்த போட்டோம் நைனா." சேட்டு தலையைச் சொறிந்தான். "பொடிய டப்பால கொட்டிட்டு, காயிதத்துல கொஞ்சம் சாம்பல மடிச்சு… கோச்சிக்காத. முதுகு புடிச்சுக்கினா வண்டி எப்டி மிதிக்கறது?"

"எல்லோருமா?"

"எல்லாரும்தான் அண்ணே" என்றாள் நஸ்ருன்னிசா. அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க மேடையில நல்லாப் பேசுவீங்க, நாங்க கை தட்டுவோம். கூப்டா வருவோம். அத்த மெய்யாலுமே உட்டுட்டு என்னாத்த செய்யறது, கால் வலிச்சா நீங்களா மெஷின் மிதிக்கப் போறீங்க?"

"தேவானை உண்மையானதைப் போட்டாள்."

"எங்களுக்குத் தெரியாதே" என்றாள் அவள். கை வாயைப் பொத்தியது. "பேச்சாளர் ஊட்டம்மா, அதுவும் வெறுங்காயிதத்தத்தான் போட்டிருக்கும்னு நெனச்சோம். அந்த தைரியத்துலதானே நாங்களும்… யா அல்லா. அது நிஜமாவா போட்டுச்சு?"

குழாயில் தண்ணீர் நின்று காற்று மட்டும் சீறியது. இத்தனை ஆண்டுகளாக எத்தனை டின்கள் நிறைந்தன, எத்தனை மோதிரங்கள் மறுநாளே வேறொரு கடையில் வாங்கப்பட்டு விரலேறின என்று இராஜரத்தினம் எண்ணிப் பார்க்கவில்லை. கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் பேச்சை முழுதாக நம்பியவள் ஒருத்திதான், அவளும் அவர் வீட்டிலேயே இருந்தாள் என்ற ஒன்றே போதுமாயிருந்தது. அவருக்கு வேறொன்றும் உறைத்தது. தேவானை கேட்ட அன்றே இங்கே வந்திருந்தால், யாருக்கும் ஒன்றுமில்லை, யாரும் நிறுத்தவில்லை என்ற செய்தியை அன்றே கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். 'உன் கூட்டமே இந்த லட்சணம்தான்யா' என்றிருப்பாள். அந்தச் சிரிப்பை ஒரு வாக்கியம் சரியாக அமையாததற்காக அவர் பறித்துக்கொண்டார்.

"இப்போ நாங்க இன்னா பண்ணணும்?" என்று சேட்டு கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

"நிறுத்தாதே. நாளைக் காலையில் டப்பாவோடு மருத்துவமனைக்கு வா. எல்லோரையும் அழைத்து வா. டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, எவ்வளவு குறைப்பது என்று சொல்வார்." பிறகு சொன்னார்: "கொஞ்சம் கொஞ்சமாக."

ஊரெல்லாம் அவர் துரத்திய சொல். அதைச் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை. சேட்டு தலையை மட்டும் ஆட்டினான்.

அவர் மருத்துவமனைக்குத் திரும்பியபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. வாயிற்காவலர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. தேவானையின் கண்கள் பாதி திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் ஆழமாகவும் அவசரமில்லாமலும் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மூச்சுக்காகத்தான் அவள் அத்தனை பொட்டலங்களை வாங்கினாள். இப்போது அதில் விசில் இல்லை.

அவர் குனிந்து அவளுடைய காதருகே வாயைக் கொண்டு போனார்.

"தேவானை. யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் காகிதத்தைத்தான் போட்டார்களாம். நஸ்ருன்னிசா நன்றாக இருக்கிறாள். சேட்டு நன்றாக இருக்கிறான்."

இன்னொரு முறை சொன்னார். அடுத்த கட்டிலில் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பெரியவர், திரையின் இடைவெளி வழியே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் ஒரக்க சொல்லுபா. மயக்கத்துல கீறவங்களுக்கு எட்டணும்ல."

இராஜரத்தினம் நிமிர்ந்து மூச்சை இழுத்தார். மாங்கொல்லையின் கடைசி வரிசை வரைக்கும் ஒலிபெருக்கி இல்லாமலே எட்டிய குரல் அது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் குனிந்து, அவளுடைய மஞ்சள் பூத்த உள்ளங்கையைத் தம் இரு கைகளிலும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரே செய்தியை உதடுகளால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.